ஆக்சிஜன் சென்சார்: கேள்விக்குப் பதில்

நாகர்கோவிலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெட்ரோல் கார்களின் ஆக்சிஜன் சென்சார் பற்றி வந்த கேள்விகளில் சில இவை. புகைக்குழாயில் இருந்துகொண்டு, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சார்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, செக் எஞ்சின் லைட் எரியுது. ஸ்கேன் பண்ணினா பி0135. சென்சார் போச்சா?

அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லும் பிழை எண் (கோடு), தம்பி. சென்சார் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்கத்தான் ஹீட்டர். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் சென்சார் வயரின் இணைப்பை (கப்ளர்) கழற்றி, சென்சார் பக்கம் உள்ள ஹீட்டர் வயர் இரண்டிலும் (பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும்) மல்டிமீட்டரை வையுங்கள். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் நல்லது. ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பு அறுந்தது என்று காட்டினால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். ரப்பர் தோட்டத்தில் நிறுத்தும் கார் ஒன்று இதே கோடோடு வந்தது. சென்சாருக்கு ஒன்றுமில்லை, எலி வயரைக் கடித்திருந்தது!

தக்கலையிலிருந்து: மைலேஜ் குறைஞ்சுட்டு, சைலன்ஸர் முனையில் கரி. இப்படியே ஓட்டலாமா?

ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம், மாசக்கணக்கில் வேண்டாம். சென்சார் தகவல் தராவிட்டால் ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். மிச்சப் பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலையைக் கேட்டால் சென்சார் விலை பெரிதாகத் தெரியாது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, உடனே ஓரம் கட்டுங்கள்.

குளச்சலிலிருந்து: பழைய சென்சாரைக் கழற்றப் பார்த்தா அசையவே மாட்டேங்குது அண்ணே.

உப்புக்காற்று படும் வண்டிக்கு இது வழக்கம். முறுக்கிப் பலம் காட்டினால் மரை உரிந்து வரும், அப்புறம் வேலை இரட்டிப்பு. துருநீக்கி எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, வயர் போக வெட்டு உள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் போடுங்கள். துளி இறுக்கி, துளி தளர்த்தி, மறுபடி எண்ணெய். 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் நல்ல சகுனம். எப்படியும் தூக்கிப் போடுகிற சென்சார்தானே, சாக்கெட் நுழையாவிட்டால் வயரை வெட்டி ரிங் ஸ்பேனர் போடலாம். புதிய சென்சாரின் மரையில், இறுகிப் பிடிக்காமல் இருப்பதற்கான பசை பூசி வந்திருந்தால் மேலும் பூசாதீர்கள். முனையில் கிரீஸோ விரலோ படக்கூடாது.

இரணியலிலிருந்து: பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகுமா?

ஆகாது. காசு மிச்சம் என்று நினைத்து நாள்தான் போகும்.

சுசீந்திரத்திலிருந்து: பி0420 வந்தது. பின்னால் உள்ள சென்சாரை மாற்றியும் திரும்ப வருகிறது.

காவல்காரன் 'திருடன்' என்று கத்தினால் காவல்காரனையா மாற்றுவீர்கள்? பி0420 என்றால் கன்வெர்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். கன்வெர்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார் இருக்கும்; பின் சென்சாரின் வேலையே கன்வெர்டரைக் கண்காணிப்பதுதான். வண்டி சூடானதும், எஞ்சின் ஓடும்போதே ஸ்கேனரில் சென்சார் அளவுகளை (லைவ் டேட்டா) பாருங்கள். பழைய வகைச் சென்சார் என்றால் முன்னது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும், பின்னது ஏறக்குறைய நிலையாக நிற்கும். அதுவும் சேர்ந்து ஆடினால் கன்வெர்டர் மேல் சந்தேகம். அதற்கும் முன்னால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்ட் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரம் கரிக்கோடு தெரிந்தால் அங்கே லீக். அதை அடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.