அப்புவின் தோட்டம் என்று சொல்லித்தான் வளர்ந்தோம்

கேள்வி: எங்கள் தாத்தா உண்டாக்கிய ஆற்றங்கரைத் தோட்டத்தின் வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்குவது? குடும்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

"தாத்தா உண்டாக்கிய" என்ற சொல்லைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு பெரியவர் தவறி, காணி பிரிக்கிற பேச்சு வந்திருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

எங்கள் தோட்டமும் ஆற்றங்கரைதான், யாழ்ப்பாணத்தில். யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு என்று கேட்க வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று. வற்றாத ஆறு இங்கே இல்லை, உண்மை. சுண்ணக்கல் நிலம், பெய்கிற மழை கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். ஆனால் வழுக்கையாறு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலியில் கடலேரியில் போய் விழும். தை பிறந்து கொஞ்ச நாளில் வற்றி, மாடு கட்டுகிற இடமாகிவிடும். அந்தக் கரையில்தான் எங்கள் காணி. 22 பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய தோட்டம் இல்லை. ஆற்றோரம் வயல், மேட்டில் தோட்டத்தறை.

எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்ன கதை இதுதான். அப்பு, அதாவது அம்மாவின் அப்பா, பற்றைக்காட்டை வெட்டினார், கிணறு தோண்டினார், துலா மிதித்து இறைத்தார், புகையிலை வைத்தார். பிறகு அப்பா காலத்தில் மிளகாயும் வெங்காயமும். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த நாட்களில் அவை நல்ல விலை போயின. எங்கள் வீட்டுச் சுவர்கள் அந்தக் காசில்தான் எழும்பின. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட, விலை விழுந்தது. இந்தக் கதையில் அம்மம்மா ஒரே ஒரு இடத்தில்தான் வருவார், அப்புவுக்குப் பழஞ்சோறு கொண்டுபோகிற இடத்தில்.

அம்மா தவறிய பிறகு, தம்பி பிள்ளைகளுக்காகக் காணியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னான். நான் அப்புவின் பெயரையும் பூட்டனின் பெயரையும் எழுதிக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவேளை இது எங்கள் காணியே இல்லையோ என்ற பயம்கூட வந்தது.

மூன்றாம் நாள் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், ஒரு உரப்பையில் சுற்றியிருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது அம்மா அந்தப் பையை வயிற்றோடு கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தவர். சாவகச்சேரியில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அப்படியே கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நனைந்த ஓரம் இன்றைக்கும் தேநீர் நிறத்தில் இருக்கிறது. எழுத்துத் தப்பியது.

ஆக மேலே இருந்தது அம்மாவின் சீதன உறுதி, எழுதிக் கொடுத்தது அம்மம்மா. அதன் அடியில் அம்மம்மாவின் சீதன உறுதி, அது அவருடைய அம்மா கொடுத்தது. அந்தப் பூட்டியின் உறுதியிலும் "எனது தாயாரின் சீதன உரித்தாய் எனக்குக் கிடைத்து நான் ஆண்டனுபவித்து வருவதுமான" என்றுதான் இருந்தது. நாலு தலைமுறையாகக் காணி பெண்களிடமிருந்து பெண்களுக்கு வந்திருக்கிறது. அப்பு அந்தக் காணிக்குக் கலியாணம் செய்து வந்தவர்.

கிணறு அப்பு வெட்டியதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே பையில் ஒரு ஈட்டு உறுதியும் இருந்தது. கிணறு வெட்டக் காசுக்காகக் காணியை ஈடு வைத்திருக்கிறார்கள். அதில் முதலில் இருப்பது அம்மம்மாவின் கைநாட்டு. பெருவிரல் ரேகையில் ஒரு இடம் வெட்டுப்பட்டதுபோல வெள்ளையாக இருக்கிறது. அரிவாள் பட்ட காயமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழேதான் அப்புவின் கையெழுத்து, சம்மதம் என்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் கையெழுத்து, உரித்தாளர் என்பதற்காக அல்ல.

சின்ன வயதில் ஒருநாள் வேலியோரத்தில் நின்று "இது அப்புவின்ர தோட்டம்தானே அம்மம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "அப்பு பாடுபட்டவர்தான் பிள்ளை. காணி என்ர அம்மாவின்ர" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு "சீதனத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று சிலர் வருவீர்கள். இல்லை. சீதனம் கொடுக்க வழியில்லாமல் எத்தனை அக்காமார் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்பது என் குடும்பத்திலேயே தெரியும். நான் சொல்வது காணி யாருடையது என்பதை மட்டும்தான். 1707 அளவில் ஒல்லாந்தர் தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோது அதைச் சரிபார்த்தவர்கள் 12 முதலிமார், அதாவது ஊர்த் தலைவர்கள், எல்லோரும் ஆண்கள். அவர்களே தகப்பனின் முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது) இருபகுதிக்கும் என்ற பழைய வழக்கத்தை ஒப்புக்கொண்டார்கள். சட்டம் பின்னால் பலதடவை மாறியது, நான் சட்டத்தரணி இல்லை, உங்கள் பங்குக் கணக்கை ஒரு நல்ல சட்டத்தரணியிடம் கேளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வயலில் கூலிக்கு உழுது, குழை தாழ்த்தி, அரிவு வெட்டிய ஒருவருடைய பெயரும் எந்த உறுதியிலும் இல்லை. அதைத் தேட எனக்கு வழி தெரியவில்லை, அது மனதில் கிடக்கிறது.

உறுதியில் எல்லை எழுதியிருப்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு: ஆறு. கிழக்கு: கிளுவை வேலி. இப்போது கிழக்கே மதில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். வேலி இருந்தபோது ஆட்டுக்குக் குழை இருந்தது, வயலுக்குப் பசளை இருந்தது, மாரி வெள்ளம் வேலிக் கதியால்களுக்கு இடையால் தன்பாட்டில் ஆற்றுக்குப் போனது. இப்போது ஒவ்வொருவரும் அத்திவாரம் போட்டு மதில் கட்டி, வாய்க்காலையும் நிரப்பிவிட்டு, வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். போன கார்த்திகையில் எங்கள் தறையில் ஐந்து நாள் தண்ணீர் நின்று வெங்காயம் முழுக்க அழுகியது. பக்கத்துக் காணிக்காரரிடம் ஒரு ஓட்டை விடுங்கோ அண்ணை என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக் காணி என்றால் தாத்தாவின் பெயரில் தொடங்காதீர்கள். பாட்டியின் பெயரில், பாட்டியின் அம்மாவின் பெயரில் தொடங்குங்கள். கையில் இருக்கிற உறுதியின் அட்டவணையில் முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கும்போது காணியின் பெயரை உறுதியில் உள்ள எழுத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். எங்களுடையது புளியங்கரை. பூட்டியின் உறுதியில் புழியங்கரை என்று இருந்தது. அந்தப் பிழையோடு தேடியபோதுதான் பக்கம் கிடைத்தது.