வட்டம் மட்டும் சுத்துது, சீரியல் ஓடல!

கேள்வி: சார், என் போன்ல சீரியல் ஆப்ல எதத் தொட்டாலும் கருப்பா வட்டம் சுத்தி 'ப்ளேபேக் எர்ரர்'னு நிக்குது, ஆனா யூடியூப் ஓடுது, வீட்டுக்காரர் போன்ல அதே வைஃபைல சீரியலும் ஓடுது. போன் போச்சா?
– வாசகி, தேனி

பதில்: போன்லாம் போகலம்மா. வைஃபையும் நல்லாத்தான் இருக்கு, அதான் அவர் போன்ல ஓடுதே. முதல்ல போன்ல தேதி சரியான்னு பாருங்க. கேம்ல லைஃப் தீந்துட்டா பசங்க தேதிய ரெண்டு நாள் கழிச்சு வர்ற தேதிக்கு மாத்தி வெச்சிடுறாங்க (எங்க வீட்லயும் இதே கூத்து நடந்துச்சு). இந்த மாதிரி ஆப்ல வீடியோ பூட்டுப் போட்டுத்தான் வரும், சர்வர் தர்ற சாவியாலதான் திறக்கும், அந்தச் சாவிக்கு காலக்கெடு உண்டு, உங்க போன் தேதி உண்மையான தேதியத் தாண்டி ஓடிட்டா 'இது காலாவதி'ன்னு தள்ளிடும். செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைம் போய் ஆட்டோமேட்டிக்க ஆன் பண்ணுங்க.

அப்பவும் ஓடலையா, விபிஎன் (நெட்ட வேற இடம் வழியா சுத்தி விடுற ஆப்) இருந்தா ஆஃப் பண்ணிட்டு ஆப்ப அப்டேட் பண்ணுங்க, அப்புறம் ஆப் இன்ஃபோல ஸ்டோரேஜ் உள்ள போய் 'க்ளியர் கேஷ்' குடுங்க. பக்கத்துலயே 'க்ளியர் டேட்டா'ன்னு இருக்கும், அவசரத்துல அத அமுக்கிடாதீங்க, டவுன்லோடு பண்ணி வெச்ச எபிசோடெல்லாம் போயிடும், திரும்ப லாகின் வேற பண்ணணும்.