பத்திரிகை வேலையிலிருந்து வரலாற்று எழுத்துக்குப் போய் நிலைத்தவர் யாராவது உண்டா?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். வரலாற்றில் பட்டம் இல்லாமல், இருபது வருடம் செய்தித்தாளில் உழன்றுவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது வரலாறு எழுத உட்கார்ந்தால் எடுபடுமா? அப்படி எடுபட்ட ஆள் யாராவது இருக்கிறாரா? முதல் கேள்விக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டாவதற்கு என் பதில் புரூஸ் கேட்டன். வடக்கு மாநிலங்களும் அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களும் 1861 முதல் 1865 வரை மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிச் சாதாரண வாசகர்களுக்காக எழுதியவர்களில், என்னைக் கேட்டால், அவருக்குத்தான் முதல் இடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலை பார்க்கிறேன். அதனால் எழுத்தாளர் கேட்டனைவிட எடிட்டர் கேட்டன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல். சார்பு இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

1899-இல் மிச்சிகன் மாநிலத்தில் பெட்டோஸ்கி என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் வடக்கில் பென்சோனியா என்ற சிற்றூரில். அப்பா கிறிஸ்தவ போதகர், ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். அந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று சண்டை போட்டுத் திரும்பிய கிழவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வருடா வருடம் மே 30 அன்று நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டு, இறந்துபோன சகாக்களின் கல்லறையில் லைலாக் பூ வைக்கப் போவார்கள். வாழ்க்கையில் நடக்க வேண்டிய பெரிய காரியம் இருபது வயதிலேயே நடந்து முடிந்துவிட்ட மனிதர்கள் அவர்கள். மீதி ஐம்பது வருடம் கடை வைத்தார்கள், நிலத்தை உழுதார்கள். சிறுவன் கேட்டனின் காதில் விழுந்ததெல்லாம் அவர்கள் கதைகள்தான்.

1916-இல் ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தது, கடற்படைக்குப் போனார், சண்டை எதையும் பார்க்காமல் திரும்பினார். படிப்பை முடிக்கவே இல்லை. பின்னாளில் புகழ் வந்தபிறகு அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது, அது வேறு கதை. ஆக, உங்கள் 'பட்டம் இல்லையே' கவலைக்கு: இந்த ஆளிடம் வரலாற்றுப் பட்டம் மட்டுமல்ல, எந்தப் பட்டமும் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது செய்தித்தாள் வாழ்க்கை. கிளீவ்லாந்திலும் பாஸ்டனிலும் நிருபர் வேலை. 1926-இல், நாடு முழுக்கப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை சப்ளை செய்யும் ஒரு சிண்டிகேட்டில் சேர்ந்து, அங்கே பதினைந்து வருடம் இருந்தார். தலையங்கம், புத்தக மதிப்புரை, வாஷிங்டன் பத்தி என்று தினமும் எதையாவது எழுதித் தள்ள வேண்டிய வேலை. நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காத எழுத்து. ஆனால் கூட்டம் கூட்டமாக வாசகர்கள், அதில் ஒருவருக்குக்கூட முன்னறிவு இருக்கும் என்று நம்பி எழுத முடியாது. நீங்களும் இருபது வருடம் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அரசு வேலைக்குப் போனார். தொழிற்சாலைகளைப் போர் உற்பத்திக்குத் திருப்பும் வாரியத்தில் செய்தித் தொடர்புப் பொறுப்பு. யார் எந்த ஃபைலை எந்த மேஜையில் அமுக்கி வைக்கிறார்கள், பெரிய கம்பெனிக்காரர்கள் எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறார்கள் என்பதையெல்லாம் கிட்டத்திலிருந்து பார்த்தார். அதையே 1948-இல் தன் முதல் புத்தகமாக எழுதினார். பெரிதாக விற்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

விற்காத அந்தப் புத்தகத்துக்கு முந்தைய வாஷிங்டன் வருடங்கள் வீண் என்று நான் நினைக்கவில்லை. மூன்றே வருடத்தில், 1951-இல், போட்டோமாக் ராணுவத்தைப் பற்றிய முத்தொகுதியின் முதல் புத்தகம் வந்தது. வடக்கின் அந்த முக்கியமான படை வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்ததற்குத் தளபதிகளின் திறமைக் குறைவு ஒரு காரணம். தலைநகரத்தின் பொறாமையும் கட்சிச் சண்டையும் இன்னொரு காரணம். அதை அவர் எழுதும்போது, காரிடாரில் நின்று பார்த்தவனின் சலிப்பு அதில் தெரியும். ஆவணக் காப்பகத்தில் மட்டும் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சலிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது.

இரண்டாவது புத்தகம் 1952, மூன்றாவது 1953. மூன்றாவதுதான் 'எ ஸ்டில்னஸ் அட் அப்போமாட்டக்ஸ்'. 1954-இல் அதற்குப் புலிட்சர் பரிசும் தேசியப் புத்தக விருதும் கிடைத்தன. ஐம்பத்து நான்கு வயதில்.

அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். போரின் கடைசி வருடத்தைச் சொல்லும் புத்தகம் அது. வேறொருவர் எழுதியிருந்தால் 1864-இல் கிராண்ட் வடக்கின் தலைமைத் தளபதியாகப் பதவியேற்பதிலிருந்து ஆரம்பித்திருப்பார். கேட்டன் ஒரு நடன விருந்தில் ஆரம்பிக்கிறார். பிப்ரவரி 22, ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள். வர்ஜீனியாவில் ரேப்பிடான் ஆற்றுக்கு வடக்கே ராணுவ முகாம், அதில் விருந்துக்கு என்றே எழுப்பிய கூடம், தலைநகரத்திலிருந்து வந்திருக்கும் பெண்கள், பளபளக்கும் சீருடைகள். அந்தக் கூட்டத்தில் உல்ரிக் டால்கிரென் என்ற கர்னல் இருக்கிறார். கடற்படைத் தளபதி ஒருவரின் மகன். இருபத்தோரு வயது. போன வருடம் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின்னால் நடந்த மோதலில் ஒரு காலை இழந்தவர்.

சில நாளில் அதே டால்கிரென் தெற்கின் தலைநகரான ரிச்மண்டைத் தாக்கப் போகும் குதிரைப்படையில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்கிறார். ஜேம்ஸ் ஆற்றைக் கடக்க வழி காட்டுகிறேன் என்று மார்ட்டின் என்ற கறுப்பின இளைஞன் கூட்டிப்போகிறான். மழையில் ஆறு பெருகிக் கிடக்கிறது, கடக்க முடியவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று டால்கிரென் அவனை அங்கேயே மரத்தில் தூக்கிலிடச் சொல்கிறார். தாக்குதல் தோல்வியில் முடிகிறது. மார்ச் 2-ஆம் தேதி இரவு டால்கிரெனும் சுட்டுக் கொல்லப்படுகிறார். அத்தியாயத்தின் இந்தப் பகுதிக்குக் கேட்டன் வைத்த தலைப்பில் டால்கிரெனும் இல்லை, நடன விருந்தும் இல்லை. மார்ட்டின் என்ற பையனின் பெயர்தான் இருக்கிறது.

விருந்துக்கும் தூக்குக்கும் நடுவில் சில பக்கங்கள்தான். கொடி, இசை, வீரம் என்ற பழைய போர் செத்துப்போய் வேறொரு போர் தொடங்கிவிட்டது என்பதை இப்படிச் சொல்லியாகிவிட்டது. கதாசிரியர்கள் செய்கிற வேலை, ஆனால் ஒவ்வொரு துண்டும் ஆவணத்திலிருந்து எடுத்தது. இதற்காக அவர் பெரும்பாலும் நம்பியது தளபதிகளின் சுயசரிதைகளை அல்ல. போருக்குப் பிறகு ஒவ்வொரு ரெஜிமென்ட்காரர்களும் தங்களுக்குள் எழுதி அச்சடித்துக்கொண்ட வரலாறுகள், சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், டைரிகள். பென்சோனியா கிழவர்கள் போன்றவர்களின் எழுத்து. வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் பலர் அதையெல்லாம் அவ்வளவாக மதிக்காத காலம் அது.

முடிவும் எனக்குப் பிடித்த எடிட்டிங். தெற்கின் தளபதி லீ சரணடையும் காட்சிக்காகத்தான் வாசகர் மூன்று புத்தகம் தாண்டி வருகிறார். கேட்டன் அதைக் காட்டுவதில்லை. 1865 ஏப்ரல் 9, சரணடைதல் நடக்கவிருக்கும் அப்போமாட்டக்ஸ் ஊருக்குக் கிராண்ட் குதிரையில் வந்து, லீ அங்கிருக்கும் வீட்டில்தான் இருக்கிறாரா என்று தன் தளபதிகளில் ஒருவரான ஷெரிடனிடம் விசாரிக்கிறார், சரி போகலாம் என்கிறார். புத்தகம் முடிந்தது. இதே பிரதி என் மேஜைக்கு வந்திருந்தால் 'கடைசி அத்தியாயம் எங்கே?' என்று ஓரத்தில் சிவப்பில் எழுத எனக்கே கை வந்திருக்கும்.

அந்த வீட்டின் உள்ளே நடந்ததைப் பற்றி அவர் பின்னால் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கிராண்டையும் லீயையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது. அது அமெரிக்கக் கல்லூரிகளின் கட்டுரைப் பயிற்சிப் பாடநூல்களில் பல பத்தாண்டுகள் இடம்பெற்றது. கேட்டன் என்றால் அந்தக் கட்டுரை மட்டும்தான் என்று நினைக்கும் அமெரிக்கர்கள் பல பேர்.

இனி எடிட்டர் பக்கம். 1954-இல், விருதுகள் வந்த அதே வருடம், 'அமெரிக்கன் ஹெரிட்டேஜ்' இதழின் ஆசிரியரானார். அது 1949-லிருந்தே உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களின் காலாண்டிதழாக வந்துகொண்டிருந்தது. பார்ட்டன், ஜென்சன், தார்ன்டைக் என்று மூன்று பேர், டைம்-லைஃப் நிறுவனத்தில் பழகியவர்கள், அதை வாங்கி உருவையே மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ். கெட்டி அட்டை. விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது. பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரு பழைய இதழைக் கையில் எடுத்தால் யாரும் பத்திரிகை என்று சொல்லமாட்டார்கள். தடித்த அட்டையில் வண்ண ஓவியம், உள்ளே பக்கம் பக்கமாகப் பழைய படங்கள், வரைபடங்கள், முதுகில் பெயர் அச்சிட்டு அலமாரியில் நிறுத்துவதற்கென்றே செய்தது. படித்துவிட்டுத் தூக்கிப் போடக்கூடாது என்பதைப் பைண்டிங்கே சொல்லிவிடும். சில வருடங்களில் சந்தாதாரர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள்.

1954 டிசம்பரில் வந்த முதல் இதழிலேயே, சாதாரண மக்கள் என்ன செய்தார்கள், என்ன நினைத்தார்கள், எதைக் கனவு கண்டார்கள் என்பதன் வழியாகத்தான் இந்த நாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும் என்று அறிவித்தார் கேட்டன். பேராசிரியர்களிடமும் கட்டுரை வாங்கினார்கள், நிருபர்களிடமும் வாங்கினார்கள். இரண்டு வகைப் பிரதியும் ஒரே மேஜைக்கு வந்தது. அடிக்குறிப்பு இல்லாமல், ஆனால் தப்பும் இல்லாமல் போக வேண்டும். அடிக்குறிப்பு இருந்தால் எழுதியவர் பொறுப்பு, இல்லாவிட்டால் திருத்துபவர் தலை உருளும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அந்த இதழின் மேஜைகளில் உட்கார்ந்து பழகியவர்களில் பின்னாளில் வரலாற்று எழுத்தாளராகப் பெரிய பெயர் எடுத்தவர் டேவிட் மெக்கல்லா. 1964-இல் அங்கே சேர்ந்தவர், கேட்டனின் புத்தகத்தைப் படித்து ஈர்க்கப்பட்டவர்.

ஆசிரியர் நாற்காலியில் அவர் இருந்தது 1959 வரைதான். அப்புறம் மூத்த ஆசிரியர் என்ற பொறுப்போடு, கடைசி வரை புத்தகங்களை எழுதிக்கொண்டிருந்தார். லாயிட் லூயிஸ் என்ற சிகாகோ பத்திரிகையாளர் கிராண்டின் வாழ்க்கை வரலாற்றில் முதல் தொகுதியை மட்டும் முடித்துவிட்டு 1949-இல் இறந்துபோனார். அவர் மனைவி, கணவரின் குறிப்புகளைக் கொடுத்துத் தொடரச் சொன்னது கேட்டனிடம். 1960-இல் ஒன்று, 1969-இல் ஒன்று என இரண்டு தொகுதிகள். குடிகாரர், சிப்பாய்களைக் காவு கொடுத்தவர் என்றே பேசப்பட்டுவந்த கிராண்டின் பெயரை நிமிர்த்தியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. போரின் நூற்றாண்டுக்காக இன்னொரு முத்தொகுதி, 1961 முதல் 1965 வரை. அதற்கு ஈ.பி. லாங் என்ற ஆராய்ச்சியாளர் ஊர் ஊராக ஆவணக் காப்பகங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்துக் கொடுத்தார். பத்திரிகைக்காரர் வேகத்தில் இத்தனை புத்தகம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் லாங்கின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறை இல்லையா? இருக்கிறது. நூற்றாண்டு முத்தொகுதியின் முதல் புத்தகம் 1860-இல் சார்ல்ஸ்டன் நகரத்தில் நடந்த கட்சி மாநாட்டில் தொடங்குகிறது. அது வெளியான 1961-இல் அதே சார்ல்ஸ்டனில் நூற்றாண்டு விழா கூட்டம். நியூ ஜெர்சி பிரதிநிதிகளில் ஒருவர் கறுப்பினப் பெண் என்பதால் ஹோட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. அதிபர் கென்னடி தலையிட்டு, கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அடிமைமுறையே போரின் காரணம் என்று கேட்டன் தெளிவாகத்தான் எழுதினார். ஆனால் அவர் உரைநடையில் இரண்டு பக்கச் சிப்பாய்கள் மேலும் படர்ந்திருக்கும் மெல்லிய சோகம், இரண்டு பக்கமும் சமம் என்ற ஆறுதலை வெள்ளை வாசகர்களுக்குக் கொடுத்தது. விடுதலை பெற்ற கறுப்பர்களுக்குப் போருக்குப் பின் என்ன ஆனது என்பது அவர் புத்தகங்களின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. மார்ட்டினுக்குத் தலைப்பில் இடம் கொடுத்த கைதான் இது என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்தும்.

1977 ஜனவரியில் அதிபர் ஃபோர்டு அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். அடுத்த வருடம் ஆகஸ்டில் மிச்சிகனிலேயே இறந்தார். பென்சோனியாவில்தான் அடக்கம்.

எதைப் படிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். வரிசைப்படி போக வேண்டாம். போட்டோமாக் முத்தொகுதியின் மூன்றாவதை முதலில் எடுங்கள், தனியாகவே நிற்கும். பிடித்தால் முதல் இரண்டுக்குத் திரும்புங்கள். அதற்கு நடுவில், 1972-இல் வந்த அவர் இளமைக்கால நினைவுக் குறிப்புகளையும் படித்துவிடுங்கள். அதில் போர் கொஞ்சம்தான், பென்சோனியாதான் நிறைய. நூற்றாண்டு முத்தொகுதி அரசியல் அதிகம் உள்ளது, பொறுமை வேண்டும், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது புத்தகத்தில் அந்த நடன விருந்துப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இரண்டாவது தடவை படிக்கும்போது, எந்தத் தகவல் எந்த வாக்கியத்தில் உள்ளே நுழைகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.