ஜெபத்தில் கேட்டது கிடைக்காததையும் சாட்சியில் (நம் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் எழுத்தில்) எழுதலாமா? எழுதியது எனக்கே போலியாகத் தெரிந்தால் என்ன செய்வது?

எழுதலாம். ஜெபித்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். கடைசியில் ஒரு வெற்றியை ஒட்டவைக்க வேண்டியதில்லை. பைபிளில் 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அப்போஸ்தலன் பவுல் தன்னை வருத்திய ஒரு துன்பத்தை 'முள்' என்றார். அது நீங்க 3 முறை கர்த்தரிடம் வேண்டினார், "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. அதை மறைக்காமல் கொரிந்து சபைக்கே எழுதினார்.

எழுதியது போலியாகத் தெரிகிறது என்கிறீர்கள். சபையில் கேட்டுப் பழகிய வாக்கியங்கள்தான் பெரும்பாலும் காரணம். "கர்த்தர் அற்புதமாய் நடத்தினார்" மாதிரி வரிகளை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். அப்புறம், யாரும் படிக்காவிட்டாலும் இதை எழுதுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று தோன்றினால் உடனே கிழித்துப் போட வேண்டாம் (பாராட்டு ஆசை யாருக்குத்தான் இல்லை), சில நாள் ஆறப்போடுங்கள்.

ஒன்று மட்டும்: வீட்டாரின் குறைகளை அவர்கள் சம்மதமில்லாமல் உங்கள் சாட்சியில் சேர்க்காதீர்கள்.