கிவி படத்தில் நிறப்புள்ளிகள்: 1873ஆம் ஆண்டுப் பதிப்பா?

உங்களிடமுள்ள கிவிப் பறவைப் படம், வால்டர் புல்லரின் நியூசிலாந்துப் பறவை நூலின் 1873ஆம் ஆண்டு முதற்பதிப்பைச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தீர்கள். உருப்பெருக்கியில் உடல் முழுவதும் நிறப்புள்ளிகள் தெரிவதாக நீங்களே எழுதியிருப்பதால், அது கையால் வண்ணம் தீட்டிய அந்தப் பதிப்பைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

இந்நூலுக்கு ஓவியர் கியூலமன்ஸ் வரைந்த படங்களில், முதற்பதிப்பினவே கைவண்ணம் பெற்றவை. 1888இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிறங்களும் கல்லச்சிலேயே (கல்லில் வரைந்து மையேற்றி அச்சிடும் முறை) ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நாசித்துளை அமைந்த அலகு நுனியையும், மயிர்போன்ற இறகுகளின் ஓரத்தையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் நிறக் கல்லச்சு. சீரான இடைவெளியில் சிறு வட்டங்களாகக் கூடியிருந்தால் பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சு நகல். கைவண்ணத்தில் நீர்வண்ணம் கோட்டைச் சற்றே தாண்டிப் படர்ந்திருக்கும். பார்க்கவே அத்தனை அழகு.

காகிதத்தின் பழுப்பை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். கறை நீக்க ஈரத்துணியும் வேண்டாம், கைவண்ணமானால் கரைந்துவிடும்.