பன்னிரண்டில் ஏழு

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் ஒன்பது ஆண்டுகளாக வசித்துவருகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு போன மாதம் கிரேட் ஓஷன் ரோடு வழியாகப் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்னும் கடற்பாறைகளைப் பார்க்கச் சென்றேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து, வழியெங்கும் நின்று நின்று, மதியம் இரண்டரை மணிக்கு அங்கே கொண்டுபோய் விட்டது. நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். மகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஏழுதான் இருக்கிறது என்றாள். மீதி எங்கே என்று கேட்டதற்கு, விழுந்துவிட்டன, இருப்பவையும் ஒருநாள் விழும் என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா பொதுப்பணித்துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். "அடியில் கான்கிரீட் போட்டு அணைத்துக் கட்டினால் நிற்காதா? இவ்வளவு பணக்கார நாட்டில் இதைச் செய்ய ஆள் இல்லையா?" என்று வீடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் அந்தக் கரைக்கு இருமுறை போயிருப்பதாக ஓர் உரையில் குறிப்பிட்டீர்கள். அப்பாவுக்கு என்ன சொல்வது? அந்த இடத்தை எப்படித்தான் பார்க்க வேண்டும்?

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

உங்கள் அப்பாவின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்குள்ள பார்வை மேடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் பாறையின் அஸ்திவாரத்தைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் உங்கள் மகளின் கணக்கை முடித்துவிடுகிறேன்.

வழிகாட்டி சொன்னது முழு உண்மை அல்ல. அந்த மேடையிலிருந்து பன்னிரண்டு தூண்கள் தெரிந்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்தப் பகுதிக்கு முன்பு வழங்கிய பெயர் 'பன்றியும் குட்டிகளும்'. அருகிலுள்ள மட்டன்பேர்ட் தீவு தாய்ப் பன்றி, சிறுபாறைகள் குட்டிகள். 1920-களில், பயணிகளை ஈர்ப்பதற்காக, அப்போஸ்தலர்கள் என்ற பெயர் சூட்டப்பட்டது. ஏசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்கள் என்று சொன்னபின் எண்ணிக்கை பன்னிரண்டாகத்தானே இருந்தாக வேண்டும்! உங்கள் மகளின் கணக்கில் உண்மையிலேயே குறைவது ஒன்றுதான். 2005 ஜூலை 3-ஆம் தேதி, சுமார் 50 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று சரிந்து விழுந்தது. அது நின்ற இடத்தில் கற்குவியல் ஒன்று அலையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. நாற்பது நிமிடத்தில் அதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை.

இனி அப்பாவின் கேள்வி. அதற்கு அந்தப் பாறை எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தூண்கள் நிற்கும் போர்ட் கேம்பல் கரையின் செங்குத்துச் சுவர்கள் சில இடங்களில் 70 மீட்டர்வரை உயர்கின்றன. அவை முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து இறுகியவை. அதே கரையிலுள்ள லாக் ஆர்ட் பள்ளத்தாக்கின் மணலில் நான் கையளவு துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் நிறம். கட்டைவிரலால் தேய்த்தபோது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காய்ந்து உதிர்வதுபோல மாவாக உதிர்ந்து, ரேகைகளில் ஒட்டிக்கொண்டது. உள்ளே நகக்கண் அளவுக்குச் சிப்பி ஓட்டின் விளிம்பு ஒன்று தெரிந்தது. தேசியப் பூங்காவிலிருந்து கல்லை எடுத்துவரக் கூடாது என்பதால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: அந்த 50 மீட்டர்த் தூண், விரலால் தேய்த்தால் உதிர்கிற கல்லால் ஆனது.

இந்தக் கல்லின் படுகைகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை மேலிருந்து கீழாக வெட்டும் செங்குத்து வெடிப்புகளும் உண்டு. எதிரே தென்பெருங்கடல். அண்டார்க்டிகாவரை குறுக்கே பெரிய நிலம் ஏதும் இல்லாததால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் காற்று உந்திவந்த அலை தன் பலம் முழுவதையும் இந்தச் சுவரின்மேல்தான் இறக்குகிறது. அலை நேராக வந்தாலும் நேராக மோதுவதில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு முன்னால் ஆழம் குறைவாக இருப்பதால் அங்கே அலையின் வேகம் குறைந்து, அது வளைந்து திரும்பி, முனையை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்குகிறது. வெடிப்பு இருக்கும் இடத்தில் முதலில் குகை குடையப்படுகிறது. இரு பக்கத்துக் குகைகளும் சந்திக்கும்போது வளைவு உண்டாகிறது. வளைவின் கூரை பாரம் தாங்காமல் ஒருநாள் விழும்போது, கடல் பக்கத்தில் தனித்து நிற்பது தூணாகிறது. தூணின் அடியையும் அலை அரித்து அது சாயும்போது, கடைசியில் மிஞ்சுவது நீர்மட்டத்தில் ஒரு குட்டைப் பாறை. நான் வளர்ந்த, குமரி மாவட்டத்து முட்டம் பக்கத்துக் கரையிலும் அலைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே இருப்பது மிகப் பழைய, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய பாறை. அது உருண்டு திரண்டு குவியலாகக் கிடக்குமே தவிர, இப்படி அடுக்கடுக்காகத் தூண் நிறுத்தாது.

எல்லாப் படிநிலைகளும் ஒரே நேரத்தில், ஒரே கரையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் காணக் கிடைக்கின்றன என்பதுதான் போர்ட் கேம்பலின் தனிச்சிறப்பு. நீங்கள் பார்த்த ஏழும் அந்த வரிசையின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பக்கம் மட்டுமே. மேற்கே போனால் 'லண்டன் பிரிட்ஜ்' என்று ஒரு முனை இருக்கிறது. இரண்டு வளைவுகளுடன் கரையோடு ஒட்டி நின்ற அந்தப் பாறைப் பாலத்தில் மக்கள் நடந்து கடைசிவரை போய்வந்துகொண்டிருந்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று, கரையை ஒட்டிய வளைவு இடிந்து விழுந்தது. அந்த நேரத்தில் இருவர் கடல் பக்கத்து முனையில் இருந்தார்கள். நடந்துபோன வழி இல்லாமல் போய், தீவாகிவிட்ட பாறையில் சில மணி நேரம் காத்திருந்து, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அதாவது, பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் மாற்றத்தின் இரண்டு படிகளுக்கு நடுவே அவர்கள் நின்றிருந்தார்கள். இந்தக் கரையின் அரிப்பை ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் என்று சொல்வார்கள். அந்தச் சராசரியை நம்பி நாம் மெதுவான தேய்மானத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். நடப்பதோ, பல ஆண்டுகளுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரே நிமிடத்தில் ஒரு பாலம் விழுவதுதான். மேடைகளில் வேலியைத் தாண்டாதீர்கள் என்று எழுதியிருப்பதும் இதனால்தான். விளிம்பில் நிற்பவருக்குத் தன் காலடிக்குக் கீழே எவ்வளவு தூரம் குடையப்பட்டிருக்கிறது என்பது தெரியாது.

கான்கிரீட்டுக்கு வருகிறேன். அப்பா நம்மூர்க் கடற்கரைகளில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடங்களைப் பார்த்திருப்பார். கல்லைக் கொட்டிய ஊரில் மணல் தங்கும், அடுத்த ஊரில் கரை பறிபோகும். பிறகு அடுத்த ஊருக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டும். அது மணற்கரை, இது பாறைக்கரை, நடப்பதும் வேறு வகை. ஆனாலும் ஓரிடத்தில் கைவைத்தால் அதோடு முடியாது என்பது இங்கும் பொருந்தும். தூணின் அடியைச் சுற்றிக் கட்டினால், கட்டுமானத்தின் விளிம்பில் கெட்டியான காரையும் உதிரும் கல்லும் சேரும் கோட்டை அலை குடையத் தொடங்கும். மேலே பெய்யும் மழையில் இயல்பாகவே சிறிதளவு அமிலத்தன்மை உண்டு. அது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளின் வழியே இறங்குவதை அடியில் போட்ட கான்கிரீட் தடுக்காது. பீட்டர்பரோவுக்கு அருகிலுள்ள 'கிராட்டோ'வில் இந்த இரண்டு வேலையும் ஒன்றையொன்று சந்தித்திருப்பதைக் காணலாம். மேலிருந்து மழைநீர் கரைத்த பள்ளமும், கடலிலிருந்து பின்வாங்கிவரும் சுவரும் சேர்ந்த இடம் அது.

இவையெல்லாம் செலவும் தொழில்நுட்பமும் சார்ந்த தடைகள். அவற்றைத் தாண்டிவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், நின்றிருக்கும் ஏழு தூண்களையும் காப்பாற்ற அவற்றின் பின்னாலுள்ள முனைகளில் அலை படாமல் செய்தால், எட்டாவது பிறக்காது. இந்த ஏழும் ஒரு காலத்தில் கரைச்சுவரின் பகுதியாக இருந்து, அரிப்பினாலேயே தூணாகி நிற்பவை. அப்பா துறையில் இருந்தவர் என்பதால் அவர் மொழியிலேயே சொல்கிறேன்: இங்கே பழுதுபார்க்க வேண்டிய கட்டுமானம் ஏதும் இல்லை, இடிப்பு வேலை நடந்துகொண்டிருக்கிறது, நாம் பார்க்கப் போவது அந்த வேலையைத்தான்.

இந்த இடிப்பு ஒருமுறை இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 1878 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட லாக் ஆர்ட் என்னும் பாய்க்கப்பல், மூன்று மாதப் பயணத்தின் முடிவில், மெல்பர்னை நெருங்கும் தறுவாயில், ஜூன் 1 அதிகாலை மூடுபனியில் வழி தவறி மட்டன்பேர்ட் தீவருகே பாறையில் மோதியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர். கப்பலில் பயிற்சி மாலுமியாக இருந்த டாம் பியர்ஸ், கவிழ்ந்த படகின் அடியில் தொற்றிக்கொண்டு கரை ஒதுங்கினான். ஈவா கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்ணின் குரல் கேட்டு மறுபடியும் நீந்திப் போய் அவளை இழுத்துவந்தான். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் அவள் அன்று இழந்திருந்தாள். அந்தக் கரையில் மைல்கணக்கில் செங்குத்துச் சுவர்தான். நீந்தி வருபவன் பிடித்து ஏற இடம் கிடையாது. வெடிப்புகளின் வழியே கடல் உள்ளே குடைந்து, கூரை விழுந்து, உள்ளே ஒரு சிறு மணல்திட்டை உண்டாக்கிவைத்திருந்த அபூர்வமான இடத்தில் நீரோட்டம் அவர்களைக் கொண்டு சேர்த்தது. அதுதான் இன்று லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு. அங்கிருந்து சுவரேறிப் போய்த்தான் அவன் உதவிக்கு ஆட்களை அழைத்துவந்தான். பத்திரிகைகள் இருவருக்கும் கல்யாணம் பேசிப் பார்த்தன. அவளோ சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலுக்கு அருகே இருந்த தீவு வளைவு 2009 ஜூனில் இடிந்து இரண்டு தூண்களானபோது, அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்தார்கள்.

நான் முதல்முறை போனபோது எனக்கும் மூடுபனிதான் வாய்த்தது. மேடையில் நின்றால் எதிரே வெண்மை, கீழே அலை விழும் அதிர்ச்சி, வேறொன்றும் இல்லை. என்னை அழைத்துச்சென்ற வாகன ஓட்டுநர் குறித்த நேரத்துக்குக் கிளம்பியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், ஒரு தூணைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாலுமிகளுக்கு அன்று காலை என்ன தெரிந்திருக்கும் என்பதை, பின்பு தெளிந்த வெயிலில் போனபோது நான் உணரவில்லை; அந்த முதல் பயணத்தில்தான் உணர்ந்தேன்.

ஆகவே அடுத்த முறை பேருந்தில் போகாதீர்கள். உங்கள் காரில் போய், போர்ட் கேம்பல் ஊரில் ஓரிரவு தங்குங்கள். முதலில் லண்டன் பிரிட்ஜுக்கும் கிராட்டோவுக்கும் போய்விட்டு, கிழக்கு நோக்கித் திரும்பி வாருங்கள். வளைவையும் குகையையும் பார்த்தபின் தூண்களிடம் வந்தால் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கிப்சன் படிகளில் இறங்கினால் சுவரின் அடிக்கே போகலாம். ஆனால் 86 படிகள், ஏறும்போது அப்பாவின் முழங்கால் என்ன சொல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலை ஏறியிருக்கும் நேரத்தில் இறங்க வேண்டாம். தூண்களுக்குக் காலையும் மாலையும்தான் நேரம். மதிய வெயிலில் படுகைகளின் அடுக்குக்கோடுகள் மங்கிவிடும், நீங்கள் போனது அந்த நேரத்தில்தான்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லலாம். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலியலை கொண்டு கடலடியை அளந்த வரைபடங்களில், கரையிலிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவில், 50 மீட்டர் ஆழத்தில், இதே போன்ற ஐந்து தூண்கள் மூழ்கி நிற்பதைக் கண்டார்கள். 2016-இல் அந்தச் செய்தி வெளிவந்தது. கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்தில் கரை அங்கே இருந்திருக்கிறது. அவை ஏறக்குறைய 60,000 ஆண்டுப் பழமையானவையாக இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். மேலே ஏழு, கீழே ஐந்து. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பா அம்மா செப்டம்பர் இறுதிவரை இருப்பார்கள் என்றால், பயணத்தைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். மட்டன்பேர்ட் தீவுக்குப் பெயர் தந்த பறவைகள், வடக்கே அலாஸ்கா பக்கத்துக் கடல்களிலிருந்து அப்போதுதான் கூடு திரும்பத் தொடங்கும். பகல் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அந்தத் தீவுக்கு எதிரே அமைந்த மேடை கரையிலேயே இருக்கிறது, படி இறங்க வேண்டியதில்லை. காற்று பலமாக அடிக்கும். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.