சத்தியத்துக்குப் பதில் ஒரு நோட்டு

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, டவுன் சின்ட்ரோம். கணவர் இல்லை, எனக்கு 61 ஆகிறது. மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். "எனக்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்வேன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கடையநல்லூர்

பதில்: வேண்டாம் அம்மா. அப்படிச் சத்தியம் செய்து கொடுத்த ஓர் அக்காதான் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கும் அறிவுசார் குறைபாடு.

அம்மா போனதும் மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. துக்கம் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "முதல்ல ரசம், அதுக்கு மேல சோறு. மாத்திப் போட்டா தொடமாட்டான்" என்றார். அப்படிப் போட்டதும் சாப்பிட்டான். 38 வருஷ விஷயங்கள் அம்மா தலைக்குள்ளேயே இருந்துவிட்டன. என்னிடம் இருந்தது சத்தியம் மட்டும்.

இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாத்திரை, பயம், பிடித்த சட்டை, முடி வெட்டும் கடை, தெருவில் யார் பேச்சைக் கேட்பான், எல்லாவற்றையும் எழுதுங்கள். மகள் ஊருக்கு வரும்போது இரண்டு நாள் அவளிடம் பொறுப்பை விட்டுவிட்டு நீங்கள் எங்காவது போய் வாருங்கள். நோட்டில் எது விட்டுப்போனது என்று அப்போது தெரியும்.

அப்புறம் காகித வேலை. இதில்தான் நான் எட்டு மாதம் அலைந்தேன். 18 வயது தாண்டிவிட்டால் பெற்ற தாய்க்கே அவன் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வந்துவிடாது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு மனு கொடுக்கலாம். பாதுகாவலர் எதற்குத் தேவை என்பதையும் குழு பார்க்கும். பணம், சொத்து சரி. எந்தச் சட்டை போடுவது என்பதற்கு அவனே போதும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பேசுங்கள்.

மகனிடமும் கேளுங்கள். சொந்தக்காரர்கள் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை, தம்பியை என் வீட்டுக்கு அழைத்துப் போவது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டோம். பெட்டி கட்டும்போது, "டீக்கடை இங்கதானே இருக்கு" என்றான். பிறகு நான்தான் அவன் தெருவுக்குக் குடி வந்தேன்.